சிவப்புக்கோடு வரை தண்ணீர்

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றுதான் சூப்பர்வைசர் எப்போதும் ஆரம்பிப்பார். நல்ல மனிதர். ஆனால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டால், பின்னாலேயே தப்பாக எடுத்துக்கொள்ளும்படி ஏதாவது ஒன்று வந்தே தீரும் என்பது சரிவு வண்டியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஏறும்போது பிடிக்கிற பிரேக்கோட கட்டை தேஞ்சு நான் பார்த்ததே இல்லை. உங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் ஒரே கட்டை வருஷக்கணக்கா கிடந்துச்சு. நீங்க வந்து ஏழு மாசம்தான் ஆகுது. இது மூணாவது."

மேஜைமேல் அந்தக் கட்டையை வைத்தார். உள்ளங்கைத் தடிமனில் இருக்க வேண்டியது விரல் தடிமனுக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் கருகிப்போய் இன்னும் தீய்ந்த வாடை அடித்தது. டிரைவரம்மா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு வேறு வழியில்லாமல் ஜன்னலைப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் கட்டியிருந்த துணியைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பயம்னா சொல்லிடுங்க. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. சரிவைப் பார்த்தா எனக்கே வயித்தைக் கலக்கும். ஆனா பயந்து பயந்து பிரேக் பிடிக்கறவங்ககிட்ட வண்டியை விட்டுவைக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலையில முதல் நடைக்கு முன்னாடி வந்து பார்க்கறேன். அப்பவும் இப்படித்தான்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

பயமா? இவளுக்கா? கொதித்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் என்ன சொல்வது? வண்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறது, பிடிக்காவிட்டால் மேலே முட்டிக்கொள்ளும் என்றால், "அவர் ஓட்டும்போது ஓடலையே?" என்பார். அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை, ஏனென்றால் அது அவள் நாத்தனாரைப் பற்றியது.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் யார்மேல் தப்பு என்று தெரியாமல் நீங்கள் முழிப்பீர்கள். கீழே கடைத்தெரு, பேருந்து நிலையம். மேலே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நாலு வரிசை வீடுகள். நடுவில் கழுத்தை ஒடிக்கிற மாதிரி ஒரு சரிவு. ஓரமாகப் படிக்கட்டு உண்டு, ஆனால் முழங்கால் உள்ளவர்கள் யாரும் அதை விரும்புவதில்லை. அந்தச் சரிவில் இரண்டு தண்டவாளம். ஒன்றில் ஆட்கள் போகிற வண்டி. மற்றதில் வெறும் இரும்புத்தொட்டி, சக்கரம் வைத்தது. இரண்டையும் ஒரே கம்பிவடம் மேலே உள்ள பெரிய உருளை வழியாகக் கட்டியிருக்கிறது. வண்டி கீழே இருந்தால் தொட்டி மேலே இருக்கும். தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அது கனத்துக் கீழே இறங்கும், இறங்குகிற கனம் வண்டியை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடும். கீழே தொட்டி வாயைத் திறந்து தண்ணீரைக் குளத்தில் கொட்டிவிடும். பிறகு வண்டி தன் கனத்தில் இறங்கும்போது காலித் தொட்டி பேசாமல் மேலே ஏறும். எஞ்சின் கிடையாது, புகை கிடையாது. வெயில் அடிக்கிற நேரமெல்லாம் சூரியத் தகடுகளில் ஓடும் பம்பு ஒன்று குளத்துத் தண்ணீரை மேலே உள்ள பெரிய தேக்கத்துக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

செத்துப்போன டிரைவருக்கு, அதாவது டிரைவரம்மாவின் புருஷனுக்கு, இதை விளக்குவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மழை கொட்டுகிற நாளில் யாராவது புதிதாக ஏறிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "சார், இது வெயில்ல ஓடற வண்டி. இப்போ வெயில் இருக்கா? இல்லை. அப்புறம் எப்படி ஓடுது? நேத்து அடிச்ச வெயிலை மேலே தண்ணியா நிறுத்தி வெச்சிருக்கோம். நேத்து வெயில்லதான் நீங்க இன்னைக்கு ஏறுறீங்க." பிறகு தன் தொந்தியைத் தட்டுவார். "எதையும் சேர்த்து வெச்சாத்தான் சார் பின்னாடி உதவும். இதுவும் அப்படித்தான். பஞ்சம் வந்தா நான் ரெண்டு மாசம் தாங்குவேன்." வண்டியே குலுங்கும், அவர் சிரிப்பில் பாதி, அவர் உடம்பில் பாதி. ஆள் அப்படி. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் யாருக்கும் இடம் கிடையாது.

அவர் தங்கைதான் மேலே தண்ணீர் திறக்கிறவள், நம் டிரைவரம்மாவின் நாத்தனார். அண்ணனுக்கு ஏற்ற தங்கை, அவளும் கொஞ்சம் கனமான உடம்புதான். கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாமென்று மேலேயே, தண்ணீர் அறைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் இருந்துவிட்டாள். கீழேயிருந்து எத்தனை ஆள் என்று டிரைவர் போனில் சொல்வார், அவள் வால்வைத் திறந்து அந்த அளவுக்குத் தண்ணீர் விடுவாள். தொட்டிக்குப் பக்கத்தில் உயரமான கண்ணாடிக்குழாய், அதன் பின்னால் பலகை, பலகையில் கோடுகள். அடியில் தடிமனாக ஒரு சிவப்புக்கோடு: வண்டியும் டிரைவரும் மட்டும். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு வெள்ளைக்கோடு. அண்ணனும் தங்கையும் அந்த போனில் ஆள் கணக்கை மட்டுமா பேசினார்கள்? மதியம் என்ன சாப்பாடு, ஆஸ்பத்திரிக்கு யார் வந்தது, எந்த வாத்தியார் இன்றைக்கும் லேட் என்று ஊர்க்கதை முழுவதும் அந்த ஒயரில் ஏறி இறங்கும். டிரைவரம்மா வீட்டில் சமைத்த சாப்பாட்டைப் புருஷன் கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அவளே இறங்கி வந்து அண்ணி வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து போவாள்.

ஒருநாள் விடிகாலை அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். அத்தனை சேர்த்து வைத்திருந்த மனிதர் ஒன்றையும் செலவழிக்காமல் போய்விட்டார் என்று கடைத்தெருவே அழுதது.

மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். வீடு ஓட வேண்டும். கம்பெனியில் "அந்த வேலையை உங்களுக்கே தருகிறோம், கற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிரைவரம்மா சரி என்று சொல்லிவிட்டாள். அதற்கு வீடு ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை: அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு குழி விழுந்திருந்தது. அதில் வேறு எவனோ வந்து உட்காருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சேதியைச் சொல்ல மேலே போனபோது நாத்தனார் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள். இரண்டே வார்த்தை. அத்தோடு சரி. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருவதை நிறுத்திவிட்டாள். போனில் "ஆறு பேரு, ஒரு குழந்தை" என்றால் "ம்" என்று ஒரு சத்தம் வரும், வைத்துவிடுவாள். டிரைவரம்மா தினமும் சாப்பாட்டைக் கட்டி, மேலே போகிற நர்ஸம்மாவிடம் கொடுத்தனுப்புவாள். காலிப் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். கழுவின பாத்திரத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, பாசம் என்று எடுத்துக்கொள்வதா? டிரைவரம்மா கோபம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான், முதல் வாரத்திலேயே வண்டி ஏறும்போது தறிகெட்டு ஓட ஆரம்பித்ததும் அவளுக்குச் சட்டென்று தோன்றியது: வேண்டுமென்றே தண்ணீர் கூட விடுகிறாள். என் கையை ஒடித்து, என்னைப் பெஞ்சிலிருந்து இறக்கத்தான். இறங்கும்போது பிடிக்கிற பிரேக் பெரியது, காலால் மிதிப்பது. ஏறும்போது பிடிப்பது சின்னக் கைப்பிரேக், மேலே போய் நிற்கும்போது ஒரு தொடு தொட்டால் போதும் என்று வைத்தது. அதைக் கீழேயிருந்து மேலே வரை உயிரைக் கொடுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள் இவள். ராத்திரி மணிக்கட்டு வீங்கும். சொல்வாளா? மாட்டாள். நாத்தனாரிடம் போய் "கொஞ்சம் தண்ணியைக் குறைடி" என்று கெஞ்சுவதற்குக் கை போனாலும் பரவாயில்லை. இப்படியாகத் தண்ணீரோடு தண்ணீராகக் கோபமும் ஏழு மாதமாக மேலே தேங்கிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்து வெளிச்சம் நன்றாக வந்தபிறகு டிரைவரம்மா கீழ் நிலையத்தைத் திறந்தாள். சூப்பர்வைசர் வர இன்னும் நேரமிருந்தது. வண்டி ராத்திரி நிறுத்தின இடத்தில் பனியில் நனைந்து நின்றது. போனை எடுத்தாள், வைத்தாள். சண்டை போடப் போவதற்கு அவளிடமே தண்ணீர் கேட்டு ஏறிப் போவதா? அது ஒரு பிழைப்பா? கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினாள்.

படி ஏறினவர்களுக்குத்தான் அந்தச் சரிவின் அருமை தெரியும். பாதி வழிவரை மனசுக்குள் வசனம் தயார் செய்துகொண்டு போனாள். 'உங்க அண்ணன் போனா நானும் போயிடணுமா?' என்று ஆரம்பிப்பதாக ஏற்பாடு. மூன்றில் இரண்டு பங்கு ஏறும்போது வசனத்தில் பாதி மறந்துவிட்டது. மேலே போய்ச் சேரும்போது மூச்சு விடத்தான் வாய் இருந்தது, திட்ட இல்லை. ஏழு மாதக் கோபத்தில் முக்கால்வாசி படிக்கட்டிலேயே செலவாகிப்போயிருந்தது.

தண்ணீர் அறை வாசலில் நாத்தனார் தலை பின்னிக்கொண்டு நின்றாள். அண்ணியைப் பார்த்ததும் பின்னல் கையிலேயே நின்றுவிட்டது.

"என்ன அண்ணி, படியேறியா வந்தீங்க? ஒரு போன் பண்ணக்கூடாதா? உட்காருங்க, உட்காருங்க. மூச்சைப் பாரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஏழு மாதத்தில் அவள் பேசின மிக நீளமான பேச்சு அதுதான். டிரைவரம்மாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துக் கையை நீட்டினாள்.

"பாரு. நல்லாப் பாரு. திருப்தியா?"

நாத்தனார் பார்த்தாள். கறுத்து வீங்கின கையைத் தன் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாள். "ஐயோ, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? நீ விடற தண்ணிக்குத் தினமும் பிரேக் பிடிச்சுப் பிடிச்சு ஆச்சு. மூணு கட்டை தேஞ்சிடுச்சு. இன்னைக்கு சூப்பர்வைசர் வந்து பார்த்துட்டு என்னை இறக்கிவிடப் போறார். உனக்கு என்மேல கோபம்னா நேரா வந்து திட்டேன். உங்க அண்ணன் சீட்டுல நான் உட்காரக்கூடாதுன்னா வாயைத் திறந்து சொல்லேன். இப்படியா?"

நாத்தனார் கையை விட்டுவிட்டுப் போய்க் கண்ணாடிக்குழாய்க்கு முன்னால் நின்றாள். முதுகுதான் தெரிந்தது.

"நான் கூட விடலை அண்ணி. கோட்டுக்குத்தான் விடறேன். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"அப்புறம்?"

"கோடுதான் கூட."

டிரைவரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இது அண்ணன் போட்ட கோடு" என்றாள் நாத்தனார். சிவப்புக்கோட்டின்மேல் விரலை வைத்தாள், தொட்டும் தொடாமலும். "கம்பிவடம் புதுசா மாத்தினாங்களே, அப்போ. அவன் கீழே வண்டியில உட்கார்ந்துகிட்டான். நான் மேலே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டேன். 'அசையலை, இன்னும் விடு, இன்னும் விடு'ன்னு போன்ல கத்திக்கிட்டே இருக்கான். நான் சொன்னேன், 'டேய், தேக்கமே காலியாயிடும்போல இருக்கு, நீ கொஞ்சம் இளைச்சுட்டு வா'ன்னு. சிரிக்கறான். சிரிச்சதுல வண்டி அசைஞ்சுது. 'அங்கேதான், அங்கேயே நிறுத்து'ன்னான். அப்புறம் ஏறி வந்து அவனே பிரஷ்ஷை எடுத்துக் கோடு போட்டான்."

டிரைவரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மெதுவாகத்தான் புரிந்தது, ஆனால் புரிந்தபோது மொத்தமாகப் புரிந்தது. வண்டியும் டிரைவரும் சேர்ந்த கோடு அது. அதில் இருந்த டிரைவர் அவர். அத்தனை பெரிய உடம்பும் அந்தக் கோட்டுக்குள் இருந்தது. அந்த இடத்தில் இப்போது உட்காருகிறவள் அவரில் பாதிகூட இல்லை. மீதிப் பாதிக்கான தண்ணீர் ஒவ்வொரு நடைக்கும் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது.

"உனக்கு இது தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். வண்டி அவ்வளவு வேகமா வந்து நின்னுதே. கோட்டை இறக்கிப் போடணும்னு அன்னைக்கே தோணுச்சு. சுரண்டற தகட்டைக்கூட எடுத்துட்டேன். கை வரலை அண்ணி."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மாத்தணுமே."

நாத்தனார் திரும்பினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது, ஆனால் குரல் சாதாரணமாகவே இருந்தது, ஊர்க்கதை சொல்கிற மாதிரி.

"வீட்டுக்கு வந்தா அவன் இல்லை. செருப்பு இருக்கு, சட்டை இருக்கு, அவன் இல்லை. இங்கே நின்னா ஒவ்வொரு நடைக்கும் அவன் எடைக்குத் தண்ணி விடறேன். அவன் பாரம் இறங்குது, வண்டி ஏறுது. அது ஒண்ணுதான் அவனுது இன்னும் நடக்குது. அன்னைக்கு நான் சீக்கிரமாவான்னு கேட்டது உங்களைத் திட்டறதுக்கு இல்லை. நீங்க அங்கே ஏறி உட்கார்ந்தா அவன் இறங்கிட்டான்னு ஆயிடுமேன்னுதான். உங்க கை இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. மேலே வந்து நிக்கும்போது ஒருநாள்கூட நீங்க எதுவும் சொல்லலையே."

"நீ பேசவே இல்லையேடி."

"நீங்களும்தான் பேசலை."

இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அழுகையில் யாருக்கும் கணக்கு வைக்கத் தெரியவில்லை, கொஞ்சநேரம் போனது. டிரைவரம்மாவுக்கு ஒரு விசித்திரம் நடந்தது. எந்தக் கோட்டால் கை போயிற்றோ, எந்தக் கோட்டால் வேலை போகப் போகிறதோ, அந்தக் கோட்டின்மேல் அவளுக்கு இப்போது கோபமே வரவில்லை. ஏழு மாதமாக அவளை யார் அவ்வளவு பிடிவாதமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தது? அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு யாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்? வீங்கின மணிக்கட்டை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள். வலி இனித்தது என்று சொன்னால் மிகையாகப் போய்விடும். ஆனால் அது வேறு வலியாகிவிட்டது, அது நிஜம்.

"கோட்டை அழிச்சுடலாம்" என்றாள் நாத்தனார். "நீங்க உட்காருங்க கீழே. உங்களுக்குப் புதுசு போடறேன்."

"இரு. அவசரப்படாதே" என்றாள் டிரைவரம்மா. அவளா சொன்னாள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரித் தெரு வழியாக வந்து சேர்ந்தார். அவர் வீடு மேலேதான். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. நாத்தனார் பூசி மெழுகவில்லை. தப்பு தன்மேல் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழாய்க்குப் பக்கத்தில் போய்க் கோட்டைப் பார்த்தார். போன தடவை கட்டை தேய்ந்தபோதும் வந்து இதே கோட்டைத்தான் பார்த்தார், தண்ணீர் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தார், கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க அவருக்கும் தோன்றவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார், இந்த முறை ரொம்ப மெதுவாக. "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் கம்பெனியில போய் இவங்க கை சரிதான், கோடுதான் தப்புன்னு சொல்லணும்னா என் கண்ணால பார்த்திருக்கணும். அவர் எடைக்கு யாரையாவது வண்டியில ஏத்தி, இந்தக் கோடு வரைக்கும் தண்ணி விட்டு, பிரேக் தொடாம அது அமைதியா ஏறுதான்னு பார்த்துட்டா முடிஞ்சுது. அவர் எடை என்ன இருக்கும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனாருக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தா அவன் ஒரு ஆள் சார்" என்றாள். "போன வருஷம் கடைத்தெரு மூட்டைக் கிடங்குல பெரிய தராசு இருக்குல்ல, அதுல ஒரு தட்டுல அவன் ஏறி நின்னுகிட்டு எங்களை இந்தப் பக்கம் ஏறச் சொன்னான். முள்ளு நடுவுல நின்னுது. 'பார்த்தியா, என்னை ஈடு கட்ட வீட்டுல இருக்கற எல்லாரும் வேணும்'னு ஊரையே கூட்டிட்டான்."

"கிடங்குக்காரர் சிரிச்சு சிரிச்சுக் கணக்கைத் தப்பாப் போட்டுட்டாரு" என்றாள் டிரைவரம்மா.

"அப்போ நீங்க ரெண்டு பேருமே ஏறுங்க" என்றார் சூப்பர்வைசர். "வால்வை நான் பார்த்துக்கறேன்."

படியில் இறங்கினார்கள். நாத்தனாருக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில், "நேத்து சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருந்துச்சு" என்றாள். "அப்படியா? ஏழு மாசமா ஒண்ணும் சொல்லலை, இப்போ சொல்றே" என்றாள் டிரைவரம்மா. "ஏழு மாசமா சேர்த்து வெச்சிருக்கேன், நிறைய இருக்கு, ஒவ்வொண்ணா சொல்றேன்" என்றாள் அவள். கீழே வந்து சேர்ந்ததும் எதிர்த்தாற்போல் தெரிந்த அண்ணன் வீட்டு வாசலை நாத்தனார் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறினாள்.

பெஞ்சில் விழுந்திருந்த குழியில் டிரைவரம்மா உட்கார்ந்தாள். எப்போதும் அவளைச் சுற்றி இடம் மிச்சமிருக்கும். இன்றைக்கு நாத்தனார் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்ததும் பெஞ்சு அளவெடுத்த மாதிரி நிறைந்துவிட்டது. போனை எடுத்து, "ஏறிட்டோம் சார்" என்றாள்.

மேலே வால்வு திறக்கிற சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் கம்பிவடம் சொல்லும். தளர்ந்து கிடந்தது மெல்ல மெல்ல விறைத்தது, பனித்துளிகள் அதிலிருந்து உதிர்ந்தன. "கோட்டுக்கு வந்துடுச்சு" என்றார் சூப்பர்வைசர் போனில். "விடுங்க."

டிரைவரம்மா பிரேக்கை விட்டாள். ஏழு மாதப் பழக்கத்தில் உடனே பிடித்து இழுக்கத் தயாராகக் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள். வண்டி அசையவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு அசைந்தது. பாயவில்லை, இழுக்கவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் தூக்குகிற மாதிரி எடுத்து, அப்படியே ஏற ஆரம்பித்தது. கடைத்தெருக் கூரைகள் கீழே இறங்கின. எதிர்த் தண்டவாளத்தில் தூரத்தில் தொட்டி புறப்பட்டு வந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் தொட்டி அவர்களைக் கடந்தது. இரும்புச் சுவருக்குள் தண்ணீர் மெதுவாகத் தளும்புகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. நாத்தனார் கையை நீட்டினாள். எட்டவில்லை. அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணியின் கையைப் பார்த்தாள். பிரேக்கின்மேல் இருந்த அந்தக் கறுத்த கை அங்கே இல்லை. மடியில் கிடந்தது.

"பிரேக் பிடிக்கலையா அண்ணி?" என்றாள் பதறிப்போய்.

"வேணாம்" என்றாள் டிரைவரம்மா. "அவர் பார்த்துக்குவார்."

வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. மேலே சூப்பர்வைசர் ஒரு புள்ளியாகத் தெரிந்தார், கையில் சுரண்டுகிற தகடு இருந்தது. நாத்தனாரும் அதைப் பார்த்துவிட்டாள்.

"மேலே போனதும் அழிச்சுடணும், இல்லே?"

"அழிச்சுடணும்."

"அப்போ நாளையிலிருந்து?"

டிரைவரம்மா மடியில் கிடந்த கையை எடுத்து நாத்தனாரின் கைமேல் வைத்தாள்.

"நாளையிலிருந்து என் எடைக்குத் தண்ணி விடு" என்றாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடு. உனக்குன்னு எடுத்து வெச்சிருப்பேன்."

நாத்தனார் தலையாட்டினாள். வண்டி மேலே போய், யாரும் தொடாமலே, மெதுவாக நின்றது.